கேட்க ஆளில்லை, சொல்ல வேண்டியது நீங்கள்தான்: கல்லூரி வகுப்பறையில் நடந்துகொள்ளும் முறை

பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரு நாள் போகாவிட்டால் மறுநாள் காலை வகுப்பாசிரியர் நிறுத்திக் கேட்பார். கல்லூரியில் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. சில தனியார் பொறியியல் கல்லூரிகளில் வீட்டுக்கு எஸ்எம்எஸ் போகும். அதுவும் தகவல்தான், விசாரணை அல்ல. வருகைப்பதிவில் ஒரு 'ஏ' விழும், அத்துடன் சரி. அந்த 'ஏ' எல்லாம் சேர்ந்து என்ன ஆயிற்று என்பது தேர்வுக் கட்டணம் கட்டும் வாரத்தில்தான் தெரியும்.

முதலாண்டில் மாட்டிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் சேட்டைக்காரர்கள் அல்ல, சொல்லாமல் இருந்துவிட்டவர்கள். தாமதமோ விடுப்போ, கொடுக்காத அசைன்மென்ட்டோ, புரியாத பாடமோ எதுவானாலும் முன்னால் போய்ச் சொன்னால் அது அனுமதி கேட்பது. பின்னால் போய்ச் சொன்னால் விளக்கம் கொடுப்பது. இரண்டுக்கும் கிடைக்கும் பதில் வேறு வேறு.

கீழே இருப்பவை தமிழ்நாட்டுக் கலை அறிவியல், பொறியியல் கல்லூரிகளில் பரவலாக உள்ள நடைமுறை. தன்னாட்சிக் கல்லூரிகளில் எண்கள் கொஞ்சம் மாறும். சேர்க்கையின்போது கையில் கொடுத்த காலேஜ் காலண்டரில் விதிகள் அச்சாகி இருக்கும். அதைப் படித்துப் பார்ப்பவர்கள் குறைவு, நீங்கள் படியுங்கள்.

முதல் வாரத்தில் செய்து முடிக்க வேண்டியவை

பல கலைக் கல்லூரிகளில் டைம்டேபிள் கிழமைப்படி ஓடாது, டே ஆர்டர்படி ஓடும். ஒன்று முதல் ஆறு வரை வரிசை. புதன்கிழமை அரசு விடுமுறை வந்தால் அன்றைய டே ஆர்டர் தொலையாது, வியாழனுக்கு நகரும். அதனால் "திங்கள்னா முதல் பீரியட் ஆங்கிலம்" என்று மனப்பாடம் செய்தவர் இரண்டாம் வாரமே வேறு வகுப்பில் போய் உட்காருவார். காலண்டரில் ஒவ்வொரு தேதிக்கும் எதிரே டே ஆர்டர் எண் இருக்கும். முந்தைய நாள் இரவே பார்த்துவிடுங்கள்.

ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இவற்றை எழுதி வையுங்கள்: ஒவ்வொரு பாடத்தின் குறியீட்டு எண், முழுப் பெயர், நடத்துபவர் பெயர், அறை எண், உங்கள் லேப் பேட்ச், வகுப்புப் பொறுப்பாசிரியர் பெயர். பொறியியல் கல்லூரியில் அவரை கிளாஸ் அட்வைசர் என்பார்கள், கலைக் கல்லூரியில் டியூட்டர் அல்லது கிளாஸ் இன்சார்ஜ். அடுத்த மூன்று, நான்கு வருடங்களில் உங்கள் கடிதங்களில் பெரும்பாலானவை முதலில் அவர் மேசைக்குத்தான் போகும். அசைன்மென்ட் முகப்பில் பாடக் குறியீட்டைத் தவறாக எழுதினால் மதிப்பெண் பதிவாகாமல் போவதும் உண்டு என்பதால்தான் குறியீட்டு எண்ணைச் சொல்கிறோம்.

சிலபஸைப் பல்கலைக்கழக இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஆண்டுக்கு எந்த ஒழுங்குமுறை (ரெகுலேஷன்) பொருந்தும் என்று பார்த்து இறக்க வேண்டும். சீனியர் அண்ணனிடம் வாங்கிய சிலபஸ் பழைய ஒழுங்குமுறையாக இருக்கலாம். பெரும்பாலான தாள்களுக்கு ஐந்து யூனிட். ஆசிரியர் எந்த யூனிட்டில் இருக்கிறார் என்று தெரிந்து உட்கார்வதே பாதிக் கவனம்.

பார்வைக் குறைவோ கேட்கும் குறையோ, அடிக்கடி எழுந்து போக வேண்டிய உடல்நிலையோ இருந்தால் முதல் வாரத்திலேயே பொறுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். வகுப்பு நடுவே பலர் முன்னால் விளக்கும் நிலை வராது.

உள்ளே வருவது

பீரியட் 50 நிமிடம். ஒரு ஆசிரியர் போய் இன்னொருவர் வர இரண்டு மூன்று நிமிடம். அதற்குள் கேன்டீன் போய் டீ குடித்து வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டவர்கள்தான் பெரும்பாலும் வாசலில் நிற்பவர்கள்.

தாமதமாகிவிட்டால் வாசலில் நில்லுங்கள். நடத்துபவர் சொல்லிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை முடிக்கட்டும். "மே ஐ கம் இன் சார்" என்றோ "உள்ளே வரலாமா மேடம்" என்றோ ஒரே ஒரு முறை கேளுங்கள். தலையசைத்ததும் பக்கத்தில் எது காலியோ அங்கே உட்காருங்கள். நண்பர் பிடித்து வைத்திருக்கும் இடம் நான்காவது வரிசை நடுவில் என்றால், இன்றைக்கு அது உங்கள் இடம் இல்லை. கேட்டாலொழிய காரணம் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் சொல்லும் ஒரு நிமிடக் கதை உட்கார்ந்திருக்கும் 60 பேரின் நிமிடம். பின்வாசல் வழியாகச் சத்தமில்லாமல் நுழைவது பணிவு போலத் தோன்றும். எதிரே நிற்பவருக்கு அது ஒளிந்து வருவதாகத்தான் தெரியும்.

வருகை எடுத்து முடித்த பிறகு வந்திருந்தால் நடுவில் "சார், அட்டெண்டன்ஸ்" என்று எழ வேண்டாம். வகுப்பு முடிந்ததும், அவர் வெளியே போவதற்குள், ரோல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். போடுவதும் போடாததும் அவர் முடிவு. மூன்று தாமதத்துக்கு ஒரு ஆப்சென்ட் என்று வைத்திருக்கும் துறைகளும் உண்டு.

ஊரிலிருந்து வரும் ஒரே பேருந்து 9.10-க்குத்தான் கல்லூரி வாசலில் நிற்கிறது, முதல் பீரியட் 9.00 மணிக்கு என்றால் அது தினசரிப் பிரச்சினை. தினமும் வாசலில் நின்று தீராது. முதல் வாரத்திலேயே பேருந்து எண், புறப்படும் நேரம், வந்து சேரும் நேரம் எழுதி, பஸ் பாஸ் நகலோடு பொறுப்பாசிரியரிடம் கடிதம் கொடுங்கள். தெரிந்த காரணத்துக்குத் தாமதமாக வருபவரை யாரும் தினம் நிறுத்திக் கேட்க மாட்டார்கள்.

ப்ராக்ஸி, அதாவது வராதவருக்காக வேறொருவர் வருகைக்குக் குரல் கொடுப்பது பற்றி ஒரு வார்த்தை. இருமுறை ஒலித்த ஒரே குரலை விட, தலை எண்ணிக்கைதான் அதிகம் காட்டிக் கொடுக்கிறது. 52 பேர் பதில் சொல்லியிருக்க, எதிரே 49 பேர் உட்கார்ந்திருந்தால் அடுத்த ஐந்து நிமிடத்தில் பெயர்கள் வெளிவந்துவிடும். மாட்டினால் இல்லாதவருக்குத்தான் ஆப்சென்ட் என்பதில்லை, குரல் கொடுத்தவருக்கும் சேர்த்தே விழும்.

75 சதவீதக் கணக்கு

இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள்.

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். 65-லிருந்து 75-க்குள் இருப்பவர்கள், நீண்ட மருத்துவச் சிகிச்சை, விபத்து, விளையாட்டுப் போட்டி போன்ற காரணத்துக்கு முதல்வர் கையொப்பமிட்ட சான்று கொடுத்து அனுமதி பெறலாம். 65-க்குக் கீழே போனால் தேர்வு எழுத முடியாது. அடுத்த கல்வியாண்டில் அதே செமஸ்டரை மறுபடி படிக்க வேண்டும். கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் 65-லிருந்து 74 வரை கண்டோனேஷன் (வருகைக் குறைவை மன்னிப்பது) கட்டணம் கட்டி எழுதலாம். 50-லிருந்து 64 வரை இருந்தால் அந்த முறை எழுத முடியாது, அடுத்த செமஸ்டர் தேர்வோடு சேர்த்து எழுத வேண்டும். 50-க்கும் கீழே என்றால் செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும்.

கண்டோனேஷன் உங்கள் உரிமை என்று நினைக்காதீர்கள். அது நிர்வாகம் தரும் சலுகை. "எப்படியும் காசு கட்டிடலாம்" என்று செமஸ்டர் தொடக்கத்திலேயே திட்டமிடுபவர், கடைசியில் உண்மையாகவே காய்ச்சலில் பத்து நாள் படுத்தால் 65-க்கும் கீழே போய்விடுகிறார்.

கணக்கு எளிது. நடந்த மொத்த வகுப்பு, நீங்கள் விட்டதைப்போல் நான்கு மடங்காவது இருக்க வேண்டும். அதாவது விட்ட ஒரு பீரியடுக்கு வந்த மூன்று பீரியட் ஈடு. 50 பீரியட் நடந்து 20-ஐ விட்டிருந்தால் இப்போது 60 சதவீதம். 20-ஐ நான்கால் பெருக்கினால் 80. ஆக இன்னும் 30 பீரியட் ஒன்றுகூட விடாமல் வந்தால்தான் 75-ஐத் தொடுவீர்கள். "இனிமே ஒழுங்கா வர்றேன்" என்பது செப்டம்பரில் செல்லும். அக்டோபர் கடைசியில் மீதி 30 பீரியடே இருக்காது.

ஒரு தாளுக்கு செமஸ்டர் முழுக்க 45 பீரியட் என்றால் 11 வரை விடலாம். 12 விட்டால் 48 பீரியட் நடந்திருக்க வேண்டும், அது நடக்காது. 90 வேலை நாள் கொண்ட செமஸ்டரில் 22 நாள். கேட்க நிறைய இருப்பதுபோல் இருக்கும். காய்ச்சல், ஊர்த் திருவிழா, சித்தி மகள் கல்யாணம், பேருந்து இல்லாத நாள் எல்லாம் அந்த 22-க்குள்தான் அடங்க வேண்டும் என்பதை மறந்தால்தான் அப்படித் தோன்றும்.

வருகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பீரியட் வாரியாகவா, அரை நாள் வாரியாகவா? காலையில் ஒரே ஒரு பீரியடில் இல்லாவிட்டாலும் அரை நாள் போகும் கல்லூரிகள் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பீரியடை மட்டும் 'கட்' அடிப்பதைப் போன்ற நஷ்டக் கணக்கு வேறில்லை. மாதம் ஒருமுறை உங்கள் சதவீதத்தை நீங்களே எழுதி வைத்துத் துறையின் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். தவறிருந்தால் அந்த மாதமே கேட்டால் திருத்துவார்கள். செமஸ்டர் முடிந்த பின் கேட்டால் எந்தத் தேதி, எந்தப் பீரியட் என்று அவர்களுக்கும் நினைவிருக்காது, உங்களுக்கும் இருக்காது.

விடுப்புக் கடிதம், ஓ.டி.

தெரிந்த விடுப்புக்குக் குறைந்தது ஒரு நாள் முன்னால் கடிதம் கொடுங்கள். திடீர்க் காய்ச்சல் என்றால் அன்று காலை முதல் பீரியடுக்கு முன் பொறுப்பாசிரியருக்கு ஒரு செய்தி, திரும்பி வந்த முதல் நாள் பெற்றோர் கையெழுத்துடன் கடிதம். நாட்கள் கூடினால் பதிவு பெற்ற மருத்துவரின் சான்று வேண்டும். அதில் மருத்துவரின் பதிவு எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது இரண்டும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். இந்த இரண்டும் இல்லாத சான்று திரும்பி வரும். செமஸ்டர் கடைசியில் மொத்தமாகக் கொண்டு வரும் மருத்துவச் சான்றைப் பெரும்பாலான துறைகள் வாங்குவதில்லை. ஏன் என்று அவர்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

ஓ.டி. (ஆன் டியூட்டி) என்பது கல்லூரிக்காக வெளியே போவது: சிம்போசியம், விளையாட்டு, என்.எஸ்.எஸ்., என்.சி.சி. முகாம். இதற்கு வரிசை முக்கியம். நிகழ்ச்சி அழைப்பிதழின் நகலை இணைத்து, எந்தத் தேதி, எந்தெந்தப் பீரியட் என்று எழுதி, போவதற்கு முன் பொறுப்பாசிரியர், பிறகு எச்.ஓ.டி. (துறைத்தலைவர்) கையெழுத்து வாங்க வேண்டும். திரும்பி வந்ததும் பங்கேற்புச் சான்றின் நகலைக் கொடுத்தால்தான் அந்தப் பீரியடுகள் வருகையாக மாறும். கையெழுத்து வாங்கிப் போய்விட்டுச் சான்று கொடுக்க மறப்பவர்கள் ஏராளம்; அவர்களுக்கு அது வெறும் ஆப்சென்ட்டாகவே நிற்கும். ஒரு செமஸ்டருக்கு எத்தனை நாள் ஓ.டி. என்று உச்சவரம்பு வைத்திருப்பார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஓ.டி.யில் போன நாளின் பாடத்தை மீண்டும் நடத்தச் சொல்லிக் கேட்பது முறையல்ல. நோட்ஸ் வாங்கிப் படித்துவிட்டு, புரியாத இடத்தை மட்டும் கேளுங்கள்.

உட்கார்ந்திருக்கும் 50 நிமிடம்

போன் சைலன்ட்டில், பையில். வைப்ரேஷனில் மர பெஞ்சு மீது வைத்த போன் ரிங்டோனை விட மோசம். வீட்டில் டைம்டேபிளைச் சொல்லி வையுங்கள். அம்மா 11 மணிக்குக் கூப்பிட்டால் எடுக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கட்டும். மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரலாம் என்பது போன்ற நாளில், வகுப்பு தொடங்கும்போதே சொல்லிவிட்டு வாசல் பக்கம் உட்காருங்கள். வந்ததும் கையைக் காட்டிவிட்டு வெளியே போகலாம்.

போர்டைப் படம் எடுப்பதற்குக் கேட்டுவிட்டு எடுங்கள், அதுவும் அவர் எழுதி முடித்து விலகிய பிறகு. பாடத்தை ஒலிப்பதிவு செய்வதற்கும் அனுமதி வேண்டும். ஆசிரியரையோ சக மாணவரையோ தெரியாமல் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போடுவதைக் கல்லூரிகள் ஒழுங்கு மீறலாகவே எடுத்துக்கொள்கின்றன. சிரிப்புக்காகச் செய்தேன் என்ற பதில் எடுபடாது.

தூக்கம் வந்தால் முகம் கழுவிவர அனுமதி கேட்கலாம், தவறில்லை. சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியடில் எல்லோருக்கும் அதே நிலைதான், நடத்துபவர் உட்பட. தண்ணீர் குடிக்கலாம், முறுக்கு வேண்டாம். கழிப்பறைக்கு ஒருவர் போய் வந்த பிறகு அடுத்தவர். பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டிய அவசரம் என்றால் நோட்டின் ஓரத்தில் எழுதிக் காட்டுங்கள். கிசுகிசுப்பு போர்டு பக்கம் நிற்பவருக்குத் தெளிவாகவே கேட்கும், சொற்கள் உட்பட.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு

பள்ளியில் 'முடுக்கம்' என்று படித்தது இங்கே வேறு பெயரில் வரும். முதல் இரண்டு மாதம் எல்லாம் வேகமாக ஓடுவதுபோல் இருக்கும். பலர் இதில் செய்யும் தவறு, ஆங்கிலத்தில் கேட்கத் தெரியாததால் கேட்காமலே இருப்பது. தமிழில் கேளுங்கள். "சார், இந்த மூணாவது ஸ்டெப்புல எப்படி மைனஸ் வந்துச்சு?" என்று கேட்டால் எந்த ஆசிரியரும் மொழியைப் பற்றிப் பேசமாட்டார், மைனஸைப் பற்றித்தான் பேசுவார்.

கேட்கும் முறை ஒன்று உண்டு. "ஒன்னுமே புரியல" என்றால் அவர் எங்கிருந்து தொடங்குவது? "இதுவரைக்கும் புரிஞ்சுது, இந்த இடத்துலதான் விட்டுப்போச்சு" என்று விரலை வைத்துக் காட்டினால் இரண்டு நிமிடத்தில் தீரும். நடத்திக்கொண்டிருக்கும்போதே கேட்கலாமா, கடைசி ஐந்து நிமிடம் வரை காத்திருக்க வேண்டுமா என்பது ஆளுக்கு ஆள் மாறும். முதல் வகுப்பிலேயே பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். கையை உயர்த்தி, பார்த்த பிறகு பேசுங்கள். சிலபஸுக்கு வெளியே போகும் கேள்வி, உங்களுக்கு மட்டும் பயன்படும் கேள்வி, மதிப்பெண் பற்றிய கேள்வி மூன்றும் வகுப்புக்குப் பிறகு. மற்றவர் கேட்கும் கேள்விக்குச் சிரிப்பவர்களால்தான் ஒரு வகுப்பு நவம்பருக்குள் ஊமையாகிவிடுகிறது.

புதிய கலைச்சொற்களுக்கு ஒரு தனி நோட்டு போடுங்கள். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் பள்ளியில் படித்த தமிழ்ச் சொல். நாளுக்குப் பத்துச் சொல் சேர்ந்தாலே முதல் இன்டர்னல் தேர்வுக்குள் பாதித் தடுமாற்றம் போய்விடும்.

ஸ்டாஃப் ரூமும் வாட்ஸ்அப்பும்

ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, கூப்பிட்ட பிறகு உள்ளே போங்கள். ஒரு சந்தேகத்துக்கு ஐந்து பேர் சேர்ந்து போக வேண்டாம், இருவர் போதும். அவருக்கு வகுப்பில்லாத பீரியட் எது என்று கேட்டு வைத்துக்கொண்டு போனால் நிதானமாகச் சொல்லித்தருவார். மேசை மேல் கிடக்கும் விடைத்தாளையும் மதிப்பெண் பட்டியலையும் எட்டிப் பார்க்காதீர்கள்.

ஆசிரியர்களை சார், மேடம் என்று அழைப்பதே வழக்கம். பெயர் சொல்லி அழைப்பது இங்கே பழக்கமில்லை. அவர்கள் இல்லாத இடத்தில் "அந்த ஆளு" என்று பேசுவது எப்படியோ அவர்கள் காதுக்குப் போய்விடும். லேப் அசிஸ்டென்ட், அட்டெண்டர், நூலக ஊழியர் ஆகியோரை அண்ணா, அக்கா, ஐயா என்று அழைக்கலாம். ஒருமையில் பேசக் கூடாது. செய்முறைத் தேர்வன்று ஓடாத கருவியை ஓட வைப்பவர் லேப் அசிஸ்டென்ட்தான் என்ற சுயநலக் காரணமும் இதற்கு உண்டு.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியர் ஓர் அறிவிப்புப் போட்டதும் 60 பேர் "ஓகே மேம்" என்று போட்டால் அந்த அறிவிப்பு மேலே போய் மறைந்துவிடும். ஒரு கட்டைவிரல் குறி போதும். தனிப்பட்ட கேள்வியைக் குழுவில் கேட்காதீர்கள். இரவு 9 மணிக்கு மேல் அனுப்ப வேண்டியது, நாளைக் காலைக்கு முன் தெரிந்தாக வேண்டிய செய்தி மட்டும்.

தனிச் செய்தி அனுப்பும்போது "ஹாய் மேம்" என்று போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரே செய்தியில் முழு விஷயமும் இருக்கட்டும். இப்படி:

"வணக்கம் மேடம். நான் முதலாண்டு பி.எஸ்சி. கணிதம், ரோல் எண் 24. நாளை மூன்றாம் பீரியடில் எனக்குச் செமினார் இருக்கிறது. காய்ச்சலால் வர இயலவில்லை. வியாழன் அல்லது வெள்ளியன்று எடுக்க அனுமதி வேண்டுகிறேன். மருத்துவர் சீட்டை இணைத்துள்ளேன்."

யார், எந்த வகுப்பு, என்ன பிரச்சினை, என்ன வேண்டும், சான்று. இந்த ஐந்தும் இருந்தால் ஆங்கிலத்தில் எழுதினாலும் தமிழில் எழுதினாலும் பதில் வரும். மின்னஞ்சல் என்றால் பொருள் வரியில் பாடக் குறியீடும் ரோல் எண்ணும். இணைக்கும் கோப்புக்கும் ரோல் எண்ணையே பெயராக வையுங்கள். 'அசைன்மென்ட் ஃபைனல் 2' என்ற பெயரில் ஒரு வகுப்பிலிருந்து இருபது கோப்புகள் வந்து சேரும்.

லேப்

விரிவுரை வகுப்பில் தவறினால் ஒரு பாடம் போகும். லேப்பில் தவறினால் கை சுடும், கருவி போகும், அல்லது பக்கத்தில் இருப்பவருக்கு அடிபடும். அதனால் இங்கே விதிகள் இறுக்கம்.

வேதியியல் ஆய்வகத்தில் பருத்திக் கோட்டு, மூடிய காலணி, கட்டிய கூந்தல். துப்பட்டாவைக் கோட்டுக்குள் அடக்குங்கள். அடர் அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது அமிலத்தைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். தண்ணீரை அமிலத்தில் ஊற்றினால் வெப்பம் ஒரே இடத்தில் கிளம்பி மேலே தெறிக்கும். பிப்பெட்டை வாயால் உறிஞ்சாதீர்கள், சீனியர்கள் செய்து காட்டினாலும். பாட்டிலிலிருந்து எடுத்த வேதிப்பொருள் மிஞ்சினால் திரும்பப் பாட்டிலுக்குள் போடக் கூடாது, அடுத்த பேட்ச் முழுவதற்கும் தவறான முடிவு வரும். உடைந்தால் உடனே சொல்லி பிரேக்கேஜ் பதிவேட்டில் எழுதுங்கள். மறைத்து வைத்த உடைந்த பீக்கர் அடுத்த பேட்ச் மாணவரின் விரலைக் கிழிக்கும்.

மின் ஆய்வகத்தில் இணைப்புக் கொடுத்து முடித்ததும் ஆசிரியர் பார்த்துத் தலையசைத்த பிறகே சுவிட்ச். இணைப்பை மாற்ற வேண்டுமானால் முதலில் அணைக்க வேண்டும். அம்மீட்டரை வோல்ட்மீட்டர்போல் இணையாக மாட்டுவதுதான் முதலாண்டின் மிகப் பிரபலமான தவறு; அம்மீட்டரின் மின்தடை மிகக் குறைவு என்பதால் மின்னோட்டம் அதன் வழியே பாய்ந்து ஃபியூஸ் போகும், சில நேரம் மீட்டரும் போகும். வாங்கிய பொருட்களை எண்ணிக்கைப்படி திருப்பிக் கொடுத்து, வாங்கும்போது போட்ட கையெழுத்தை நீக்கச் செய்யுங்கள். கணினி ஆய்வகத்தில் அடுத்தவர் லாகினில் வேலை செய்யாதீர்கள், உங்களுடையதைத் திறந்து வைத்துவிட்டும் போகாதீர்கள்.

அப்சர்வேஷன் நோட்டில் அளவீடுகளைப் பேனாவால் எழுத வேண்டும். தவறினால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் எழுதுங்கள்; வெள்ளை மை பூசினால் அளவீட்டையே புனைந்ததாகச் சந்தேகம் வரும். அன்றன்றே கையெழுத்து. ரெகார்டு நோட்டில் கோடுபோட்ட வலப்பக்கத்தில் நோக்கம், கருவிகள், செய்முறை. கோடில்லாத இடப்பக்கத்தில் பென்சிலில் படம், அட்டவணை, கணக்கீடு. அடுத்த லேப்புக்குள் முந்தைய ரெகார்டு முடிந்திருக்க வேண்டும். தள்ளிப்போட்டு, பத்து ஆய்வுகளைக் கடைசி இரண்டு இரவில் எழுதுபவர் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்விக்கே திணறுவார், ஏனென்றால் எழுதியது அவர் கை மட்டும்தான், மூளை அல்ல. துறைத்தலைவர் கையெழுத்திட்ட ரெகார்டு இல்லாமல் செய்முறைத் தேர்வுக்குள் விட மாட்டார்கள்.

இன்டர்னல், அசைன்மென்ட், செமினார்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் எழுத்துத் தாளுக்கு இன்டர்னல் (கல்லூரிக்குள்ளேயே போடும் மதிப்பெண்) 40, செமஸ்டர் தேர்வு 60. அதற்கு முந்தைய 2017 ஒழுங்குமுறையில் 20-க்கு 80. பழைய சீனியர்கள் "இன்டர்னல் எல்லாம் ஒன்னுமில்ல" என்று சொல்வது அந்தப் பழைய கணக்கை வைத்து. கலை அறிவியல் கல்லூரிகளில் 25-க்கு 75 என்ற பிரிப்பு பரவலாக உண்டு. அந்த 25-க்குள் தேர்வோடு வருகை, அசைன்மென்ட், செமினார் எல்லாம் அடங்கும். செமஸ்டர் முழுக்க வகுப்பில் நீங்கள் நடந்துகொள்ளும் விதம் மதிப்பெண்ணாக மாறுவது இந்த இடத்தில்தான்.

அசைன்மென்ட்டைச் சொன்ன நாளில், சொன்ன பீரியடில் கொடுங்கள். கட்டு மொத்தமாக ஸ்டாஃப் ரூமுக்குப் போன பிறகு தனியாகக் கொண்டுபோகும் ஒரு தாள் தொலைந்து போக எல்லா வாய்ப்பும் உண்டு. நண்பரின் அசைன்மென்ட்டைப் பார்த்து எழுதினால் அவர் செய்த எழுத்துப் பிழையும் சேர்ந்தே வரும், திருத்துபவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். ஏஐ செயலி எழுதித் தந்ததை அப்படியே ஒட்டுவதும் இதே வகை: பாடப்புத்தகத்தில் வரும் குறி ஒன்றாகவும், விடையில் வேறொன்றாகவும் இருக்கும். ஆசிரியர் அனுமதித்திருந்தால் புரிந்துகொள்ள அதைப் பயன்படுத்துங்கள், எழுதுவது உங்கள் சொற்களில் இருக்கட்டும்.

செமினாருக்குப் பத்து நிமிடம் கொடுத்தால் ஸ்லைடு எட்டுக்கு மேல் வேண்டாம். ஸ்லைடைப் பார்த்து வாசிக்காதீர்கள். பென் டிரைவ், மின்னஞ்சல் இரண்டிலும் கோப்பை வைத்திருங்கள். புரொஜெக்டர் ஓடாவிட்டால் போர்டில் எழுதி நடத்தும் அளவுக்குத் தயாராக வாருங்கள். மற்றவர் செமினார் எடுக்கும்போது போன் பார்ப்பவருக்கு, அடுத்த வாரம் தன் முறை வரும்போது யார் முகமும் நிமிர்ந்திருக்காது.

விடைத்தாள் கையில் வந்ததும் மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன் கூட்டலைச் சரிபாருங்கள். பிறகு திருத்தாமல் விட்ட பக்கம் உண்டா என்று பாருங்கள். இந்த இரண்டில் தவறிருந்தால் தாராளமாகக் கேட்கலாம், அன்றே திருத்தித் தருவார்கள். "இதுக்கு இன்னும் ரெண்டு மார்க் போடலாமே சார்" என்பது வேறு. அதைக் கேட்பதானால் எந்த வரியில் எந்தப் புள்ளி இருக்கிறது என்று காட்டிக் கேளுங்கள். தேர்வு அறைக்குள் ஸ்மார்ட் வாட்ச், போன் இரண்டும் அணைத்து வைத்திருந்தாலும் கூடாது. கையில் இருப்பதே குற்றம், பயன்படுத்தினீர்களா என்பது அடுத்த கேள்வி.

மாஸ் கட்

மழை வரும்போலிருக்கிறது, நாளை விடுமுறை, புதுப் படம் என்று வகுப்பே சேர்ந்து வெளியேறுவது வருடம் ஒருமுறையாவது நடக்கும். நடைமுறையில் என்ன ஆகும் என்றால், மொத்த வகுப்புக்கும் ஆப்சென்ட், அன்றைய பகுதி நடத்தியதாகப் பதிவாகும், சில இடங்களில் பெற்றோரை அழைத்து வரச் சொல்வார்கள். சேர விருப்பமில்லாத நான்கு பேர் உள்ளே உட்கார்ந்திருந்தால் அவர்களைத் துரோகிகள் என்று ஒதுக்குவதுதான் இதில் மிகக் கேவலமான பகுதி. அவர்களில் ஒருவருக்கு வருகை 76-ல் நின்றுகொண்டிருக்கலாம். தேர்வுத் தேதி மாற்றம், பாடம் போதவில்லை போன்ற உண்மையான குறை இருந்தால் ரெப் (வகுப்புப் பிரதிநிதி) இருவர் எழுத்தில் கொண்டுபோங்கள். வெளிநடப்பால் மாறாத டைம்டேபிள் கடிதத்தால் மாறியதுண்டு.

எங்கே பொறுக்க வேண்டாம்

மேலே சொன்ன எதுவும், வகுப்பில் நடக்கும் அவமானத்தைச் சகித்துக்கொள்ளச் சொல்வதல்ல. பாடம் தொடர்பான மனக்குறை என்றால் முதலில் அந்த ஆசிரியரிடமே தனியாகப் பேசுங்கள், தீராவிட்டால் பொறுப்பாசிரியர், எச்.ஓ.டி., முதல்வர் என்று படிப்படியாக. ஒரு படியைத் தாண்டிப் போனால் "அவரிடம் கேட்டாயா" என்ற கேள்வியோடு கடிதம் திரும்பும்.

ஆனால் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது, பாலியல் தொல்லை, ராகிங் ஆகியவற்றுக்கு இந்தப் படிகள் தேவையில்லை. ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். பாலியல் தொல்லைப் புகாரை, நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் அங்கே கொடுக்கலாம். ராகிங்கைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1997 முதல் இருக்கிறது. தேசிய உதவி எண் 1800-180-5522, எந்த நேரமும் அழைக்கலாம். தேதி, நேரம், இடம், உடனிருந்தவர்கள் பெயரை அன்றே எழுதி வையுங்கள், செய்திகளை அழிக்காதீர்கள்.

செமஸ்டர் கடைசி வாரம்

கடைசி வேலை நாளுக்கு ஒரு வாரம் முன் வருகைச் சதவீதமும் இன்டர்னல் மதிப்பெண்ணும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும், அல்லது கையெழுத்துக்கு உங்களிடம் சுற்றி வரும். சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். போட்ட பிறகு எழுப்பும் ஆட்சேபணைக்கு மதிப்பில்லை. நூலகப் புத்தகம், லேப் பிரேக்கேஜ் பாக்கி, விடுதிக் கட்டணம் ஏதாவது நிலுவையில் இருந்தால் நோ டியூ (பாக்கியில்லை என்ற சான்று) கிடைக்காது, பல கல்லூரிகளில் அது இல்லாமல் ஹால் டிக்கெட் தர மாட்டார்கள். ஹால் டிக்கெட் வாங்கியதும் பெயர் எழுத்துகள், பிறந்த தேதி, புகைப்படம், ஒவ்வொரு பாடக் குறியீடு, அரியர் தாள் இருந்தால் அதுவும் அச்சாகியிருக்கிறதா என்று கவுன்ட்டரை விட்டு நகர்வதற்கு முன்பே பாருங்கள்.